லாரியில் கழற்றிய பழைய ஜிபிஎஸ்... ஆபீஸுக்கே சரியான நேரம் சொல்லும் கடிகாரமாக மாறுவது எப்படி?

நாமக்கல் என்றாலே லாரியும் முட்டையும்தான் நினைவுக்கு வரும். எல்பிஜி டேங்கர், டிரெய்லர், திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி என இங்கிருந்து கிளம்பும் கனரக வாகனங்களில் ஜிபிஎஸ் டிராக்கர் இருப்பது இப்போது சாதாரண விஷயம். விதிமுறை மாறும்போதோ, வண்டி கை மாறும்போதோ புது டிராக்கர் ஏறும். பழையது? பட்டறை அலமாரிக்கோ, பழைய இரும்புக் கடைக்கோ போய்விடும்.

ஆனால் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கும் ஜிபிஎஸ் சில்லு பல நேரங்களில் நன்றாகவே வேலை செய்யும் நிலையில் இருக்கும். "வண்டி எங்கே இருக்கு" என்று சொல்லும் வேலை அதற்கு முடிந்திருக்கலாம். "இப்போ மணி என்ன" என்று சொல்லும் வேலை முடியவில்லை. ஒரு அலுவலகத்தில் உள்ள சிசிடிவி, பில்லிங் கம்ப்யூட்டர், வருகைப் பதிவு மெஷின் என எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தைக் கொடுக்கும் டைம் சர்வராக அதை மாற்ற முடியும். எப்படி? இதில் கவனிக்க வேண்டிய சிக்கல்கள் என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

நேரம் கொஞ்சம் தப்பினால் என்ன ஆகிவிடும்?

சேலம் – நாமக்கல் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லாரியின் டிராக்கர் ஒரு நேரம் சொல்கிறது. பெட்ரோல் பங்க் சிசிடிவி இன்னொரு நேரம் சொல்கிறது. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் பதிவான நேரம் வேறு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி ஒரு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் கடந்துவிடும். சிசிடிவி கடிகாரம் 10 நிமிடம் பின்தங்கி இருந்தால், கணக்குப்படி வண்டி 10 கிலோமீட்டர் தள்ளி நிற்கும். ஓட்டுநர் அந்த இடத்தில் இருந்தாரா, இல்லையா என்பதே கேள்விக்குள்ளாகும். இழப்பீட்டு வழக்கிலும் காப்பீட்டுக் கோரிக்கையிலும் இது சின்ன விஷயமே இல்லை.

சிசிடிவி பெட்டியின் நேரம் ஏன் தப்புகிறது? அதற்குள் இருப்பது சாதாரண குவார்ட்ஸ் படிகக் கடிகாரம். 10 லட்சம் விநாடிக்கு 20 விநாடி தவறும் தரம் கொண்ட படிகம் என்றால், நாளொன்றுக்குச் சுமார் 1.7 விநாடி தப்பும். ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட 50 விநாடி. ஒரு வருடம் யாரும் திருத்தாமல் விட்டால் 10 நிமிடம். சேலத்து வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்தப் பெட்டி சூடானால் படிகத்தின் துடிப்பும் மாறும்.

இது சின்ன ஆபீஸ் பிரச்னை மட்டுமல்ல. 2003 ஆகஸ்ட் 14-ம் தேதி அமெரிக்கா, கனடாவில் சுமார் 5 கோடி பேர் இருளில் மூழ்கினார்கள். எந்த மின்பாதை முதலில் விழுந்தது என்று கண்டுபிடிக்க விசாரணைக் குழு திணறியது. காரணம், பல இடங்களில் இருந்த பதிவுக் கருவிகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சம்பவங்களை வரிசைப்படுத்துவதற்கே பெரும் உழைப்பு தேவைப்பட்டது. மின் தொகுப்பின் துணைமின் நிலையங்களில் ஜிபிஎஸ் கடிகாரம் வைப்பதன் அவசியம் இதுதான்.

ஜிபிஎஸ்-க்கும் நேரத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஜிபிஎஸ் என்றால் வழிகாட்டி என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது விண்ணில் சுற்றும் கடிகாரங்களின் கூட்டம். ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் அணுக் கடிகாரம் உண்டு. "நான் இந்த நொடியில் இந்த இடத்தில் இருந்து பேசுகிறேன்" என்று அது இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும்.

தரையில் உள்ள கருவி, சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை அளந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒளியும் ரேடியோ அலையும் ஒரு மைக்ரோ விநாடியில், அதாவது ஒரு விநாடியின் 10 லட்சத்தில் ஒரு பங்கில், சுமார் 300 மீட்டர் போய்விடும். அந்த அளவுக்கு நேரம் தப்பினாலே சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நிற்பவரை அடுத்த தெருவில் காட்டிவிடும். இடத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்றால் முதலில் நேரத்தைச் சரியாகப் பிடித்தாக வேண்டும்.

இடம் தெரியாத கருவிக்கு நான்கு செயற்கைக்கோள் தேவை. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றோடு நேரம் நான்காவது விடை. ஆனால் கட்டடத்தின் மேல் அசையாமல் இருக்கும் கருவிக்குத் தன் இடம் ஏற்கெனவே தெரியும். எனவே, நேரம் காட்டுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட சில கருவிகள் ஒரே ஒரு செயற்கைக்கோள் தெரிந்தாலும் நேரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

டைம் சர்வர் என்றால் என்ன?

கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க் வழியாக ஒன்றிடம் ஒன்று மணி கேட்டுத் திருத்திக்கொள்ளும் முறைக்கு என்டிபி என்று பெயர். அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் 1980-களில் உருவாக்கியது. 2024 ஜனவரியில் அவர் காலமானார். உலகம் இன்றும் அவர் போட்ட பாதையில்தான் மணி பார்க்கிறது.

இதில் அடுக்குமுறை உண்டு. அணுக் கடிகாரமும் ஜிபிஎஸ்-ம் பூஜ்ஜியம் அடுக்கு. அதோடு நேரடியாக இணைந்த சர்வர் முதல் அடுக்கு. அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது இரண்டாம் அடுக்கு. இணையத்தில் உள்ள சர்வரிடம் நேரம் கேட்டால் பொதுவாகச் சில மில்லி விநாடி முதல் சில பத்து மில்லி விநாடி வரை பிசகும். சிசிடிவிக்கு இதுவே தாராளம். ஆனால் இணையம் துண்டிக்கப்பட்டால்? அல்லது, பாதுகாப்புக்காகக் கேமரா நெட்வொர்க்கை இணையத்தோடு இணைக்காமலே வைத்திருந்தால்? அங்கேதான் மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்த பழைய ஜிபிஎஸ் கைகொடுக்கிறது.

சங்கு ஊதுவது வேறு, மணி சொல்வது வேறு

பழைய ஜிபிஎஸ்-ஐக் கடிகாரமாக்க நினைப்பவர்கள் முதலில் சறுக்கும் இடம் இது. ஊரில் நகராட்சி சங்கு ஊதுவது நினைவிருக்கிறதா? சங்கு "இந்த நொடி" என்று சொல்லும். அது எத்தனை மணிக்கான சங்கு என்று சொல்லாது. அதை மற்றொருவர்தான் சொல்ல வேண்டும்.

ஜிபிஎஸ் சில்லும் அப்படித்தான். அதில் இருந்து இரண்டு விஷயங்கள் வெளியே வருகின்றன. முதலாவது, என்எம்இஏ எனப்படும் எழுத்து வரி. தேதி, மணி, இடம் எல்லாம் இதில் இருக்கும். ஆனால் சில்லு கணக்குப் போட்டு, வரியாக எழுதி, மெதுவான சீரியல் கம்பி வழியாக அனுப்பி முடிப்பதற்குள் அந்த நொடி கடந்துவிடும். சில நூறு மில்லி விநாடி தாமதம் சகஜம். அந்தத் தாமதமும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது.

இரண்டாவது, பிபிஎஸ் எனப்படும் துடிப்பு. ஒவ்வொரு விநாடி பிறக்கும்போதும் ஒரு காலில் மின்னழுத்தம் சட்டென்று உயரும். இதுதான் சங்கு. பழைய டிராக்கர்களிலும் மாணவர்களின் புராஜெக்ட்களிலும் பார்க்கக்கூடிய யூபிளாக்ஸ் நியோ 6எம் சில்லில், இந்தத் துடிப்பின் துல்லியம் சுமார் 30 நானோ விநாடி என்று தயாரிப்பாளரின் குறிப்பேடு சொல்கிறது. எழுத்து வரி மணியைச் சொல்ல, துடிப்பு நொடியின் தொடக்கத்தைக் காட்ட, இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல கடிகாரம்.

எந்தப் பழைய கருவி உதவும்?

வண்டி டிராக்கர்: உள்ளே தனி ஜிபிஎஸ் சில்லு இருந்தால், அதன் துடிப்புக் காலைத் தேடிக் கம்பி இழுக்கலாம். நல்ல சால்டரிங் கை தேவை. ஜிபிஎஸ்-ம் சிம் பகுதியும் ஒரே சில்லில் இருந்தால் வேலை கடினம்.

கையில் பிடிக்கும் பழைய ஜிபிஎஸ்: எழுத்து வரி வரும். துடிப்பு பெரும்பாலும் வெளியே வராது. ஒரு விநாடிக்குள் நேரம் சரியாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு மட்டும்.

யுஎஸ்பி ஜிபிஎஸ்: செருகினால் வேலை செய்யும். ஆனால் பல மாடல்களில் துடிப்பு வெளியே வராது. வந்தாலும் யுஎஸ்பி வழியாகப் போகும்போது மில்லி விநாடி அளவுக்குத் தள்ளாடும்.

செல்போன் டவரில் இருந்து கழற்றிய டைமிங் கருவி: இந்த வேலைக்கென்றே பிறந்தது. டிரிம்பிள் நிறுவனத்தின் தண்டர்போல்ட் இந்த வகையில் உலகம் முழுக்கப் பேர் போனது.

ஒரு எச்சரிக்கை. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கு ஏஐஎஸ் 140 தரத்தில் டிராக்கரும் அவசர பட்டனும் கட்டாயமாக்கப்பட்டன. சட்டப்படி வண்டியில் இருக்க வேண்டிய டிராக்கரைக் கழற்றக் கூடாது. இங்கே பேசுவது, மாற்றியபிறகு ஒதுக்கப்பட்ட கருவியைப் பற்றி மட்டும்தான்.

எப்படி அமைப்பது?

1. முதலில் பேட்டரியைப் பாருங்கள். டிராக்கருக்குள் லித்தியம் பேட்டரி இருக்கும். உப்பியிருந்தால் அதைக் குத்தவோ நெளிக்கவோ கூடாது. பத்திரமாக எடுத்து மின்கழிவாகக் கொடுத்துவிடுங்கள். உள்ளே சிம் கார்டு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

2. ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வேண்டும். ராஸ்பெர்ரி பை போன்ற ஒற்றை போர்டு கம்ப்யூட்டரே போதும். பழைய மாடலாக இருந்தாலும் பரவாயில்லை.

3. மின்னழுத்தத்தைச் சரிபாருங்கள். ராஸ்பெர்ரி பையின் கால்கள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். பழைய சீரியல் போர்ட் உள்ள ஜிபிஎஸ் கருவிகள் அதைவிடப் பல மடங்கு அதிக வோல்ட் அனுப்பும். நடுவில் மாற்றி போர்டு இல்லாமல் நேரடியாக இணைத்தால் போர்டு போய்விடும்.

4. ஆன்டெனாவை மொட்டை மாடியில் வையுங்கள். திறந்த வானம் தெரிய வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் சிக்னல் கிடைக்காது. கம்பி நீளத்தில் மீட்டருக்குச் சுமார் 5 நானோ விநாடி தாமதம் வரும். ஆபீஸ் தேவைக்கு இதை மறந்துவிடலாம். மழைநீர் புகாத இணைப்பும் இடிதாங்கிப் பாதுகாப்பும்தான் முக்கியம்.

5. துடிப்புக் கம்பியை ராஸ்பெர்ரி பையின் ஒரு காலில் இணைத்து, லினக்ஸில் பிபிஎஸ் வசதியை இயக்க வேண்டும். எழுத்து வரியைப் படிக்க ஜிபிஎஸ்டி என்ற மென்பொருளும், கடிகாரத்தைத் திருத்தி மற்ற கருவிகளுக்கு நேரம் கொடுக்க குரோனி என்ற மென்பொருளும் போதும். இரண்டும் இலவசம்.

6. பொறுமையாகக் காத்திருங்கள். பல வருடம் சும்மா கிடந்த கருவிக்கு வானத்து நிலவரம் எதுவும் நினைவிருக்காது. ஜிபிஎஸ் செய்தி முழுவதையும் செயற்கைக்கோள் ஒருமுறை சொல்லி முடிக்க 12.5 நிமிடம் ஆகும். லீப் விநாடிக் கணக்கும் அதற்குள்தான் வருகிறது. ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரத்தைவிட இப்போது 18 விநாடி முன்னால் ஓடுகிறது. 2017 ஜனவரி 1 முதல் இந்த வித்தியாசம் மாறவில்லை. அந்தத் தகவல் வந்து சேரும்வரை பழைய கருவி சில விநாடி தவறாகக் காட்டலாம். இயக்கிய உடனே வரும் நேரத்தை நம்ப வேண்டாம். குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள்.

7. கடைசியாக, சிசிடிவி பெட்டி, வருகைப் பதிவு மெஷின், பில்லிங் கம்ப்யூட்டர் ஆகியவற்றின் செட்டிங்கில் டைம் சர்வர் என்ற இடத்தில் இந்தச் சின்னக் கம்ப்யூட்டரின் ஐபி முகவரியைக் கொடுக்க வேண்டும். என்டிபி அனுப்புவது உலகப் பொது நேரத்தை. அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டுவது அந்தந்தக் கருவியின் வேலை. இந்திய நேர மண்டலத்தைத் தேர்வு செய்ய மறந்தால் காலை 10 மணி, அதிகாலை 4.30 ஆகிவிடும்.

இந்த சர்வரை ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் மட்டும் வைத்திருப்பது நல்லது. வெளி இணையத்துக்குத் திறந்துவிட்டால், சரியாகப் பூட்டப்படாத டைம் சர்வர்களை மற்றவர்கள் மீது தாக்குதல் நடத்தப் பயன்படுத்தும் ஆட்கள் உண்டு.

2006-க்குத் திரும்பிப் போகும் கருவிகள்!

எல்லாம் சரியாகச் செய்தபிறகும் தேதி மட்டும் கிட்டத்தட்ட 20 வருடம் பின்னால் காட்டினால்? பயப்பட வேண்டாம். கருவி கெட்டுப் போகவில்லை. வாரக் கணக்கு சுழன்றுவிட்டது.

ஜிபிஎஸ் தேதியை வார எண்ணாகச் சொல்கிறது. தொடக்கம் 1980 ஜனவரி 6. பழைய செய்தி அமைப்பில் வாரத்துக்கு ஒதுக்கப்பட்ட இடம் 10 பிட் மட்டுமே. எனவே 0 முதல் 1023 வரைதான் எண்ண முடியும். அடுத்த வாரம் மறுபடியும் 0. லாரி மீட்டர் 99999-ஐத் தாண்டி 00000 ஆவது மாதிரி. 1024 வாரம் என்பது சுமார் 19.6 வருடம். முதல் சுழற்சி 1999 ஆகஸ்டில் முடிந்தது. இரண்டாவது 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் முடிந்தது. அடுத்தது 2038 நவம்பரில்.

உதாரணமாக, 2026 ஜனவரி 1 வியாழக்கிழமை. சுழற்சிக் கோளாறு உள்ள கருவி அன்று 2006 மே 18 என்று காட்டும். அதுவும் வியாழக்கிழமைதான்! முழு வாரங்களாகப் பின்னால் போவதால் கிழமை மாறாது. மணி, நிமிடம், விநாடியும் சரியாகவே இருக்கும். தேதி மட்டும்தான் தப்பு.

சில கருவிகளில் தயாரிப்பாளரின் மென்பொருள் கணக்கைப் பொறுத்து வேறு தேதிகளில் இது நடக்கும். மேலே சொன்ன தண்டர்போல்ட் 2017 ஜூலை 30-ல் பின்னால் போனது. ஐபோன் 5 வைத்திருந்தவர்கள் 2019 நவம்பர் 3-க்குள் அப்டேட் செய்ய வேண்டும் என்று ஆப்பிள் அறிவித்ததும் இதே வாரச் சுழற்சிக்காகத்தான். 2019 ஏப்ரலில் நியூயார்க் மாநகராட்சியின் கம்பியில்லா நெட்வொர்க்கே இதனால் முடங்கியது.

தீர்வு என்ன? சங்கையும் மணியையும் பிரித்துவிடுவதுதான். துடிப்பை மட்டும் ஜிபிஎஸ்-இல் இருந்து எடுத்துக்கொண்டு, தேதியையும் மணியையும் இணைய டைம் சர்வரிடம் கேட்டுக்கொள்ளும்படி குரோனியில் அமைக்கலாம். வெளி சர்வர் அரை விநாடிக்குள் சரியாக இருந்தால் போதும். எந்த விநாடி என்பது தெரிந்துவிடும். அந்த விநாடி எப்போது பிறந்தது என்பதைத் துடிப்பு சொல்லிவிடும். இணையம் பிறகு துண்டிக்கப்பட்டாலும் எண்ணிக்கை தொடரும்.

மின்சாரமும் இணையமும் சேர்ந்து போனால்? ராஸ்பெர்ரி பையின் பழைய மாடல்களில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. டிஎஸ் 3231 என்ற சின்னக் கடிகார போர்டைச் சேர்த்தால் நாளுக்குச் சுமார் 0.17 விநாடிக்கு மேல் தப்பாது. இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் இருந்தாலும் சரியான விநாடியைக் கண்டுபிடிக்க அது போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவின் அதிகாரபூர்வ நேரத்தைப் பராமரிப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் ஒரு உத்தரவு போட்டது. அதன்படி, நிறுவனங்கள் தங்கள் கம்ப்யூட்டர் அமைப்புகளின் நேரத்தை தேசிய தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வர்களோடு, அல்லது அவற்றோடு தொடர்புபடுத்தக்கூடிய சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் அதே உத்தரவு சொல்கிறது.

ஆகவே "எங்க மாடியில ஜிபிஎஸ் இருக்கு, அது போதும்" என்று சொல்லிவிட முடியாது. இணையம் இருக்கும்போது இந்த அரசு சர்வர்களையும் குரோனியில் சேர்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தினமும் பதிவு செய்து வைப்பது நல்லது. நேரம் பற்றி நாளை யாராவது கேள்வி கேட்டால், "அன்றைக்கு எங்கள் கடிகாரம் இவ்வளவுதான் தப்பியிருந்தது" என்று எடுத்துக் காட்ட அந்தப் பதிவு உதவும்.

இந்திய நேரம் அதிகாரபூர்வமாக நடைமுறைக்கு வந்தது 1906 ஜனவரி 1 முதல். அதற்கு முன்பு ரயில்கள் ஓடியது, 1792-ல் தொடங்கிய சென்னை வானியல் கூடத்தின் நேரப்படி. அதற்கும் முன்பு ஒவ்வொரு ஊருக்கும் அந்தந்த ஊர் சூரியன்தான் கடிகாரம். இன்றும் சேலத்தில் சூரியன் சராசரியாக உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, சுமார் 12.17-க்கு. இந்திய நேரம் கணக்கிடப்படும் கிழக்கு 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே நாலேகால் டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளி சேலம் இருப்பதுதான் காரணம்.

ஜிபிஎஸ்-ஐ மட்டும் நம்பலாமா?

கூடாது. செயற்கைக்கோள் சிக்னல் மிகவும் பலவீனமானது. பக்கத்தில் ஒரு சின்ன ஜாமர் இருந்தாலே மூழ்கிவிடும். 2016 ஜனவரி 26-ல் பழைய செயற்கைக்கோள் ஒன்றை விலக்கியபோது நடந்த தவறால், பல ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 13 மைக்ரோ விநாடி தவறான நேரக் கணக்கை அனுப்பின. ஆபீஸ் சிசிடிவிக்கு அது ஒன்றுமே இல்லை. தொலைத்தொடர்பு நெட்வொர்க்குகளுக்கு அது பெரிய தலைவலி.

நம் நாட்டுக்கென்று நாவிக் இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் அதன் பாதையும் மேடு பள்ளம்தான். முதல் செயற்கைக்கோளின் மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் செயலிழந்தன. 2023 மே 29-ல் ஏவிய என்விஎஸ்-01 உள்நாட்டு அணுக் கடிகாரத்தைச் சுமந்து சென்றது. 2025 ஜனவரியில் ஏவிய என்விஎஸ்-02 திட்டமிட்ட சுற்றுப்பாதைக்குப் போக முடியவில்லை. எப்படியிருந்தாலும் பழைய ஜிபிஎஸ் சில்லுகளுக்கு நாவிக் சிக்னலைப் படிக்கத் தெரியாது.

அதனால் ஜிபிஎஸ், அரசு டைம் சர்வர், பேட்டரிக் கடிகாரம் என மூன்றையும் சேர்த்து வைப்பதே பாதுகாப்பு. ஒன்று பொய் சொன்னால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதையெல்லாம் செய்ய நேரம் இல்லை என்பவர்கள் குறைந்தபட்சம் ஒன்றைச் செய்யலாம். இன்றைக்கே கடையின் சிசிடிவி திரையையும் செல்போனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நிமிடத்தைக் காட்டுகிறதா? இல்லை என்றால், எவ்வளவு வித்தியாசம் என்பதைத் தேதியோடு எழுதி வைத்துவிட்டு, பிறகு திருத்துங்கள். ஏற்கெனவே பதிவான காட்சிகளின் உண்மையான நேரத்தைக் கண்டுபிடிக்க அந்த ஒரு வரிக் குறிப்புதான் உதவும்.